மூன்றாவது கியர்

அந்தப் பழைய படகு இன்ஜினில் ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாக தீப்பொறியைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் கியர் தேய்ந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் பற்கள் கத்தி முனைபோல ஆகியிருந்தன. நான்காவதாக ஒன்றை வாங்கிப் போடப் படகுக்காரருக்கு மனம் வரவில்லை.

இன்ஜினைப் பிரித்துக் கட்டித் தந்தது அவருடைய மனைவியின் அண்ணன். அவள் இறந்த பிறகு இரண்டு வருடமாக அவரோடு பேச்சில்லை. சண்டை என்று எதுவுமில்லை, அப்படியே விட்டுப்போயிற்று. அன்று படகுக்காரரே துணிந்து போன் செய்தார்.

"மச்சான், கியர் மறுபடியும் போச்சு."

"கியரை விடுங்க மாப்ள. ஆயில் பம்பைக் கையால சுத்திப் பாத்தீங்களா?"

போனை மேஜையில் வைத்துவிட்டுப் பம்பைச் சுற்றிப் பார்த்தார். அசைய மறுத்தது.

"ரொம்ப இறுக்கமா இருக்கு."

"அதான். பம்பையும் அந்தக் கியர்தான் சுத்துது. பாரம் முழுக்க அது தலையில. பம்பை மாத்துங்க, தேயாது."

பம்பையும் கியரையும் மாற்றினார். இரண்டு மாதம் ஓட்டியபின் திறந்து பார்த்தார். பற்கள் போட்டபோது இருந்த மாதிரியே இருந்தன. சொல்லாமல் இருக்க முடியவில்லை, மறுபடி போன் செய்தார்.

"மச்சான், கியர் அப்படியே இருக்கு."

"அப்ப சரி, மாப்ள."

மச்சான் வீட்டில் யாரோ சாப்பிடக் கூப்பிடுவதும், குழந்தைகள் சிரிப்பதும் போனில் கேட்டன. படகுக்காரர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வச்சிடறேன்" என்றார்.