தலை எண்ணாத பள்ளிக்கூடம்

எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையிலிருந்து அடுத்த வருஷ ஆடி வரைக்கும், அமிர்திக்கு மேலே இருந்த அந்த மலைப்பள்ளியின் சத்துணவு அண்டா காலியாகவே இல்லை. மழை பொய்த்துச் சாமையெல்லாம் கருகியிருந்தது. அரிசி லாரி அடிவாரத்தோடு நின்றுபோனது. சமையல்கார அம்சவல்லி, மிச்சமிருந்த ஒரு படி அரிசியைப் பருப்போடு பொங்கி இறக்கினாள். அந்தச் சோறுதான் அத்தனை மாதமும் ஓடியது, சூடுகூட ஆறவில்லை. ஆடு மேய்க்கிறவர்களும் வந்து இரண்டு கரண்டி வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள்.

ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கண் பட்டுவிடும் என்று அங்கே பிள்ளைகளைத் தலை எண்ணுகிற வழக்கமே கிடையாது. எத்தனை பேர் என்று தெரியாத அண்டா, எப்போது தீர்வது என்று எதை வைத்து முடிவு செய்யும்? அம்சவல்லிக்கு மட்டும் உள்ளூரப் பயம்தான். அந்த ஒருவேளைச் சோற்றை விட்டால் பிள்ளைகளுக்கு வேறு சோறு இல்லை.

அரிசியே போகாத பள்ளியில் பிள்ளைகள் கொழுகொழுவென்று இருப்பதைக் கேள்விப்பட்டு, கோபால்சாமி என்ற அதிகாரி நடந்தே மலையேறி வந்தார்.

“இன்னாம்மா, மொத்தம் எத்தினி பேரு?”

“இருக்காங்க சார்.”

“எத்தினின்னு கேக்குறேன்.”

“எண்ணாதீங்க சார். சோறு தீந்துபூடும்.”

அவர் சிரித்துக்கொண்டே விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் சோறு சாண் சாணாக இறங்கியது. அண்டாவின் அடி தெரிந்ததும் பிள்ளைகள் தட்டோடு எழுந்து நின்றார்கள். அம்சவல்லி அண்டாவுக்குள் கையை விட்டாள். ஒட்டிக் கிடந்ததை வழித்து அதிகாரியின் வாயில் திணித்தாள். எண் நின்றது, சோறு ஏறியது. விழுங்கிவிட்டு மறுபடி எண்ண வாயெடுத்தார், மறுபடி திணித்தாள். விடியற்காலையிலிருந்து வெறும் வயிற்றோடு நடந்த மனிதர். மூன்றாவது கவளத்துக்குத் தானாகவே வாயைத் திறந்தார். பிறகு பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்துவிட்டார். அம்சவல்லி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மேலிடம் எண்ணிக்கை கேட்டபோது கோபால்சாமி, “எல்லாரும்” என்று எழுதி அனுப்பினார். அங்கே சில மாதம் யோசித்துவிட்டு, எல்லாருக்கும் ஆகிற அரிசியைக் கழுதைகள்மேல் ஏற்றி அனுப்பினார்கள். மூட்டைகள் வந்து இறங்கிய அன்று அண்டா மற்ற அண்டாக்களைப் போலத் தீர்ந்தது. அம்சவல்லி அதைக் கவிழ்த்துப்போட்டுச் சாம்பல் வைத்துத் தேய்த்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் தேய்க்காத அண்டா, தோள்பட்டை விட்டுப்போயிற்று.