கிளாரினெட் முந்திய இடம்

பெரிய இசைக்குழுவில் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசித்தால், அரங்கத்தின் கடைசி வரிசையில் அது ஒரே வாத்தியமாகக் கேட்க வேண்டும். அது எப்படிக் கலக்கிறது என்று ஆராய்வதுதான் என் வேலை. கச்சேரிப் பதிவைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுக் காட்டி, கலப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்பவர்களிடம் மதிப்பெண் வாங்குவேன்; நானும் ஒன்று போடுவேன். கிளாரினெட் வாசித்தவர் என் கணவர்.

"என் சத்தம் தனியா கேட்டா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்" என்பார். வீட்டில் பயிற்சி செய்யும்போது பதிவு செய்யப் போனை நீட்டினால் கதவைச் சாத்திக்கொள்வார். "அடுப்படியை எவனாவது மேடையில காட்டுவானா?"

போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அவர் வாசிப்பென்று என்னிடம் மிஞ்சியது கடைசிக் கச்சேரியின் பதிவுதான், அதுவும் குழலோடு கலந்து. பிரித்தெடுக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். பாலையும் தண்ணீரையும் பிரிக்க நான் என்ன அன்னப்பறவையா? அவ்வளவு நன்றாகக் கலந்து தொலைத்திருந்தார் மனுஷன்.

அப்புறம்தான் நினைவு வந்தது. அன்று கச்சேரி முடிந்து வந்தவர் சாப்பிடக்கூட இல்லை. "ரெண்டாம் பகுதியில குழலுக்கு முன்னாடியே நுழைஞ்சுட்டேன்டி. ஒரு மூச்சு நேரம் நான் மட்டும் ஊதிக்கிட்டிருந்தேன். மானமே போச்சு."

"முந்திரிக்கொட்டை" என்று சிரித்தேன். போவதிலும் முந்திக்கொண்டார், பாவி.

ஒரு மூச்சு போதும் எனக்கு. பதிவில் அந்த இடத்தைத் தேடிப் போட்டேன். இரண்டு வாத்தியமும் ஒன்றாகவே நுழைந்தன. பதிவு செய்த பொறியாளரிடம் ஓடினேன்.

"அதுவா அக்கா? ஒத்திகைப் பதிவுல அதே இடம் சுத்தமா விழுந்திருந்துச்சு. எடுத்து ஒட்டிட்டேன். ஒட்டு தெரியுதா சொல்லுங்க?"

"பழசு எங்க தம்பி?"

அவன் முகம் மாறியது. "அழிச்சாச்சுக்கா. அண்ணன்தான் மறுநாளே வந்து கெஞ்சினாரு. 'இது என் பொண்டாட்டி ஆராய்ச்சிக்குப் போற பதிவு, அவ காதுல இது விழக்கூடாது'ன்னு. பக்கத்துல உக்காந்து அழிக்க வெச்சுட்டுத்தான் போனாரு."

அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை. செத்தவரிடம் போய்ச் சண்டை போடவா முடியும்?

மறுநாள் சோதனைக்கான துண்டுகளில் அந்த ஒட்டுப்போட்ட இடமும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் எங்கேயும் தனியாக இல்லை. நேர்மையாகச் சொன்னால் பத்துக்குப் பத்து. போட்டுவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.