திங்கட்கிழமைத் தலைகள்

திங்கட்கிழமை காலையில் மூன்றாம் வகுப்பில் பேன் பார்ப்பார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று நினைத்தால் நீங்கள் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. பின்தெருப் பிள்ளைகள் ஏழு பேருக்கு மட்டும்தான். அவர்களுடைய அப்பாக்கள் சாக்கடைக் குழியில் இறங்குகிறவர்கள். பேனுக்கு அந்தத் தொழில் ரொம்பப் பிடிக்கும் என்று டீச்சருக்கு யார் சொன்னார்களோ.

பார்க்கிற முறையும் ஒரு தினுசு. டீச்சரின் கை படாது. இரண்டு பென்சிலால் முடியைப் பிரிப்பார், செத்த கரப்பானைப் புரட்டுகிற மாதிரி. முடிந்ததும் பென்சில்கள் குப்பைக்கூடைக்குப் போகும். அவற்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோவது பள்ளிக்கூடம் கூட்டுகிறவள். அவள் மகள் வீட்டுப்பாடம் எழுதியதெல்லாம் அந்தப் பென்சில்களில்தான்.

அந்த ஏழு பேரில் ஒருத்தியான மகளை எல்லாரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு வயது, இடுப்பைத் தொடும் முடி. கூட்டுகிறவளுக்குப் பீற்றிக்கொள்ள உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். எத்தனை வேலை கிடந்தாலும் காலையில் கால்மணி நேரம் உட்கார்ந்து இரட்டைச் சடை பின்னிவிடுவாள். கண்ணு பட்டுடப் போகுது என்று தெருவே சொன்னது. சொன்னவர்கள் கண்ணேதான் பட்டிருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை பென்சில் வாயாடியின் பிடரியில் நின்றது.

"இருக்கு," என்றார் டீச்சர், புதையல் கண்டவர் மாதிரி. பேன் இருந்தால் முடியை ஒட்ட வெட்ட வேண்டும், வெட்டினால்தான் வகுப்பு. இது அவர் போட்ட சட்டம்.

"எங்க ஏழு பேருக்கு மட்டும் ஏன் டீச்சர் பார்க்கிறீங்க? எல்லாருக்கும் பாருங்க."

"வாயை மூடுடி."

"மருந்துக்கடைக்காரர் பொண்ணு பாடம் முழுக்கச் சொறிஞ்சிட்டே இருக்கா. அவ நோட்டுல ஒண்ணு விழுந்து ஓடுச்சு, நானே பார்த்தேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மருந்துக்கடைக்காரர் மகள் விசும்பினாள். டீச்சர் அவளைப் பக்கத்தில் இழுத்து, வெறும் விரலால் முடியைக் கோதிப் பார்த்தார். ஒரு நொடி அவர் முகம் சுருங்கியது.

"பொடுகுடா கண்ணு. வீட்டுல சொல்லி மருந்து போட்டுக்கோ."

அந்தப் பொடுகு நிதானமாக நடந்து காதோரம் போனதை முதல் பெஞ்சு முழுக்கப் பார்த்தது.

கழிவறை கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஆள் போனது. வாளியைக் கதவோரம் வைத்து, ரப்பர் கையுறைகளைக் கழற்றி அதன் விளிம்பில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். மேசையில் கத்தரிக்கோல் இருந்தது.

"நீயே வெட்டிடு. இல்லேன்னா நாளையிலேருந்து ரெண்டு பேருமே வர வேண்டாம்."

"ஒரு வாரம் குடுங்க டீச்சர். இன்னைக்கே பேன்சீப்பு போட்டுச் சுத்தமா எடுத்துடுறேன்."

"மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கிட்டா நீயா பதில் சொல்வே?"

புருஷன் போன வருஷம் ஒரு குழியில் இறங்கி, ஏறி வந்ததிலிருந்து இருமிக்கொண்டு படுத்திருக்கிறான். அடுப்பு எரிவது இவள் கூட்டிச் சம்பாதிக்கிற காசில்தான். கத்தரிக்கோலை எடுத்தாள். தான் பின்னிய சடையைத் தானே பிடித்தாள்.

வாயாடி திரும்பாமலே சொன்னாள். "நீ வெட்டாதேம்மா. நீ வெட்டினா நம்ம மேலதான் தப்புன்னு ஆயிடும். அவங்களே வெட்டட்டும். கையால பிடிச்சு வெட்டட்டும்."

கூட்டுகிறவள் கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். அது அவள் யோசித்துச் செய்ததா, கை தானாக வைத்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பார்றா, பெரிய மனுஷி பேசுறா!" டீச்சரின் காது சிவந்தது. நாற்பது பிள்ளைகள் பார்க்கும்போது பின்வாங்கவும் முடியாது, தொடவும் முடியாது. சுற்றுமுற்றும் பார்த்தார். வாளி விளிம்பில் கிடந்த கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். கழிவறை கழுவின உறையை அந்தக் கை ஏற்றுக்கொண்டது. எட்டு வயதுப் பிள்ளையின் தலையைத்தான் ஏற்கவில்லை.

இரண்டு சடையும் விழுந்தன. அப்புறம் மிச்சத்தையும் விடவில்லை. காது மடலில் கத்தரி பட்டு ரத்தம் வந்தது. வாயாடி அழவில்லை. மற்ற ஆறு பேரும் தங்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"ம், இதைக் கூட்டிடு."

பதினோரு வருஷமாக அந்த ஒரு சொல்லுக்குக் குனிந்தவள் அவள். குனியவில்லை.

"நீங்க வெட்டினது டீச்சர். நீங்களே கூட்டுங்க."

சத்தம்கூடப் போடவில்லை. மகளின் கையைப் பிடித்து வெளியே வந்தாள்.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. திமிர் என்றார்கள் பாதிப் பேர். முடிதானே, வளராதா என்றார்கள் மீதிப் பேர், தலையைச் சொறிந்துகொண்டே. அடுத்த நாள் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு வேலை கேட்டு எட்டு வாசல் ஏறினாள். பள்ளிக்கூடத்தையே எதிர்த்தவள் என்று ஒருத்தரும் உள்ளே விடவில்லை.

ஒன்பதாவது வாசலில் அழைப்புமணியை அடித்துவிட்டு, துண்டை எடுத்து மகளின் தலையில் போடப் போனாள். வாயாடி தட்டிவிட்டாள்.

"மூடாதேம்மா. யாராச்சும் கேட்டா சொல்லணும்ல, யாரு வெட்டினாங்கன்னு."

கதவு திறந்தது. அந்த வீட்டுக்காரி பிள்ளையின் தலையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.