போகோமிரின் கலைமான் எடை கூடியது

போகோமிர் ஹ்ரென் சுட்ட கலைமான் செவ்வாய்க்கிழமை மாலை கசாப்புக்கடைக் குளிரறைத் தராசில் நூற்று முப்பத்தெட்டு கிலோ இருந்தது. புதன்கிழமை காலை நூற்றைம்பது. வெள்ளிக்கிழமை மதியம் இருநூற்று நாற்பது. குடலும் இரைப்பையும் காட்டிலேயே எடுக்கப்பட்டுவிட்டதால் இடையில் அது எதையும் தின்றிருக்க வழியில்லை. தராசில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தார்கள். ஊருக்குத் தபால் கொண்டுபோகும் லியுத்மிலா, தராசின் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டு, "என் எடை எழுபத்தொண்ணு. கோளாறா இருக்கக்கூடாதான்னு எனக்கும் ஆசைதான். ஆனா சரியாத்தான் காட்டுது," என்று சொல்லி இறங்கினார்.

ஸ்லொவேனியாவின் தெற்குக் காட்டில் உள்ள ஸகோராவில் ஒரு வழக்கம் உண்டு. கலைமான் விழுந்தால் சுட்டவர் அதன் எடையைக் கூட்டிச் சொல்வார், கூட்டாளிகள் குறைத்துச் சொல்வார்கள். சுட்டவர் சாராயக்கடையில் "இருநூறு கிலோ" என்பார், பக்கத்தில் இருப்பவன் "நாய்க்குட்டியையா சுட்ட?" என்பான். இரவு முழுக்கக் கூட்டலும் கழித்தலும் நடந்து, விடியும்போது கணக்கு நேராகி, மான் தன் எடையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். யாரும் இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை.

மர அறுவை ஆலையில் வேலை பார்க்கும் போகோமிர், கூட்டியோ குறைத்தோ பேசத் தெரியாத ஆள். இருபத்துமூன்று வருடம் வேட்டைக்குப் போய்ப் பெண் மான்களும் கன்றுகளுமாய் அறுபதுக்கு மேல் கொண்டுவந்திருந்தார். கொம்புள்ள கலைமான் மட்டும் ஒன்றுகூட அமையவில்லை. அந்தக் கோடையில் அவருடைய மகள் நேஷ்காவை மலைமுகட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரில் நிச்சயம் செய்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சில்வெஸ்டரின் வீட்டுக் கூடத்தில் பத்தொன்பது ஜோடிக் கொம்புகள் மாட்டியிருந்தன. நிச்சயத்துக்கு வந்தவர் போகோமிர் வீட்டுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சம்பந்தி வீட்டுச் சுவரு நல்லா வெள்ளையா இருக்கு. கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி!" என்றார். போகோமிர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "கல்யாணச் சாப்பாட்டுக்கு நான் சுட்ட கலைமான்தான்," என்றார். அது அவர் அந்த மதியத்தில் பேசிய ஒரே வாக்கியம். நேஷ்கா பிறகு சமையலறையில், "கோழி போட்டுக்கலாம்ப்பா. யாரு என்ன சொல்லப்போறாங்க?" என்று கேட்டாள். அவர் துப்பாக்கியை எடுத்து எண்ணெய் போட ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு நூற்றெண்பது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது நான்கு நண்பர்களும் காட்டுக்குப் போனார்கள்: போகோமிர், லியுத்மிலா, கசாப்புக்கடை வைத்திருக்கும் இஸிடோர், குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் வென்செல். கலைமான்கள் துணை தேடி முழங்கும் செப்டம்பர் மாதக் கடைசி. பனிமூட்டம் விலகுவதற்கு முன்பே பரணில் ஏறிக்கொண்டார்கள். வென்செல் மாட்டுக்கொம்பை வாயில் வைத்து இன்னொரு கலைமானைப் போல முழங்கினான். மூன்றாவது முழக்கத்துக்குப் பள்ளத்திலிருந்து பதில் வந்தது. தொண்ணூறு அடி தூரத்தில், ஈரமான கழுத்து மயிரோடு அது வெளியே வந்து நின்றது. போகோமிர் ஒரே ஒரு தடவைதான் சுட்டார். பிறகு நால்வரும் தொப்பியைக் கழற்றினார்கள். இஸிடோர் ஊசியிலை மரத்தில் ஒரு கிளையை முறித்து, ஒரு துண்டை மானின் கடைசி வாய் உணவாக அதன் பற்களுக்கு நடுவே வைத்தார்; ஒன்றைக் காயத்தின்மேல் வைத்தார்; மூன்றாவதை ரத்தத்தில் தொட்டுத் தன் தொப்பியில் வைத்து நீட்ட, போகோமிர் அதை எடுத்துத் தன் தொப்பியின் வலப்பக்கம் செருகிக்கொண்டார். எல்லாம் முறைப்படி நடந்தது. ஈரலும் இதயமும் சுட்டவருக்கு உரியவை என்பதால் அவற்றைப் போகோமிர் துணிப்பையில் வைத்துக்கொண்டார். மற்றதைக் கயிறு கட்டிச் சருகின்மேல் ஒன்றரை மணி நேரம் இழுத்து வண்டிப்பாதைக்குக் கொண்டுவந்தார்கள்.

தவறு அன்று மாலை சாராயக்கடையில் நடந்தது. எல்லோரும் போகோமிரைப் பார்த்தார்கள். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "நூத்தி முப்பத்தெட்டு," என்றார். அவ்வளவுதான். அவர் கூட்டாததால் குறைக்க ஒன்றுமில்லாமல் கடையே வாயடைத்துப் போனது. இருபத்துமூன்று வருடம் காத்திருந்த மனிதனின் மான் இப்படிச் சத்தமில்லாமல் போவது வென்செலுக்குப் பொறுக்கவில்லை. "இவன் சொல்றத நம்பாதீங்கப்பா! நூத்தம்பதுக்குக் குறைஞ்சா என் மீசைய எடுத்துடறேன்!" என்றான். மறுநாள் லியுத்மிலா மேல்தெரு வீடுகளில் கடிதத்தோடு சேர்த்து நூற்றெழுபத்தைந்து என்று கொடுத்துவிட்டு வந்தார். இஸிடோர்கூட, பொய்யே சொல்லாத மனிதர், கறி வாங்க வந்த ஆசிரியையிடம் கையை அகல விரித்துக் காட்டினார். அன்பினால்தான் செய்தார்கள். கூட்டாளிகளே கூட்ட ஆரம்பித்த பிறகு ஊரில் குறைப்பதற்கு ஆளே இல்லை. சனிக்கிழமை பேச்சு மலைமுகட்டைத் தாண்டிப் போனது. ஞாயிற்றுக்கிழமை மானின் முன்கால் தரையைத் தொட்டது. திங்கட்கிழமை அதைத் தாங்கியிருந்த இரும்புக் குழாய் வளைந்தது. எடை நானூற்றுப் பன்னிரண்டு. கொம்பைப் பற்றிப் பொய் சொல்ல எல்லோரும் மறந்துபோனதால், கொம்பு மட்டும் பத்துக் கிளையோடு பழைய அளவிலேயே இருந்தது. அவ்வளவு பெரிய உடம்பின் உச்சியில் அது பொம்மைக்கு வைத்தது போலத் தெரிந்தது.

போகோமிர் குளிரறை வாசலில் நின்று பார்த்தார். "இது என் மான் இல்ல," என்றார். "என் மான் நூத்தி முப்பத்தெட்டு."

"உள்ளதானடா இருக்கு உன் மானும்," என்றான் வென்செல். "மிச்சம் எங்க மொய்யி."

கழித்துப் பார்க்கவும் முயன்றார்கள். வென்செல் சாராயக்கடைக்குப் போய், அது மானே இல்லை, வெறும் கன்று என்று சொல்லிவிட்டு வந்தான். தராசு பன்னிரண்டு கிலோ இறங்கியது. ஆனால் இறங்கியதெல்லாம் முதுகுத்தண்டை ஒட்டிய கறி, மானிலேயே உயர்ந்த பாகம். இஸிடோர் அவனைக் கையைப் பிடித்து வெளியே தள்ளி, "இனிமே நீ வாயத் தொறந்தா நாக்கையும் சேத்து அரைச்சிடுவேன்," என்றார்.

திங்கட்கிழமை தோலுரித்தார்கள். வெட்டும் வேலை இஸிடோருடையது: தொடை இரண்டையும் தனியாக எடுத்தார், முன்சப்பையை எலும்பிலிருந்து வழித்தார், கழுத்தையும் விலாவையும் அரைப்பதற்கு ஒதுக்கினார், சவ்வையும் நரம்பையும் கத்தி நுனியால் பொறுமையாக உரித்தார். கூலாஷ் குழம்புக்குத் துண்டுகள், சாசேஜுக்குக் கொத்துக்கறி. செவ்வாய்க்கிழமை காலை கொத்துக்கறியோடு பன்றிக் கொழுப்பும், ஒயினில் ஊறவைத்த பூண்டும், மிளகும், இடித்த ஜூனிப்பர் காயும் சேர்த்து, உப்புப் பார்ப்பதற்காக வழக்கம்போல் ஒரு சிறு வடை தட்டிப் பொரித்தார். மென்றார். நின்றார். இன்னொன்று பொரித்தார். வாய்க்குள் போனது தெரிந்தது, தொண்டைக்குள் இறங்கியதும் தெரிந்தது, நடுவில் எந்த ருசியும் இல்லை. உப்பின் ருசிகூட இல்லை. மூன்று வடைக்கு ஒன்று மட்டும் மான்கறியாக இருந்தது. பச்சைக் கறியிலும் அப்படியே: வெளிறிய, நீர் கோத்த சதைக்கு நடுவே அங்கங்கே கருஞ்சிவப்பு. எது போகோமிருடையது, எது ஊர் சொன்னது என்று பிரித்தெடுக்க இயலாதபடி எல்லாம் கலந்திருந்தது. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது.

போகோமிரும் ஒரு வடையை மென்று பார்த்தார். முகம் சுண்டிப்போனது. "சில்வெஸ்டர் இதத் தின்னுட்டு என்ன சொல்லுவாருன்னு எனக்கு இப்பவே கேக்குது," என்றார்.

லியுத்மிலா முழங்கைவரை கறியில் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். "சுட்டவன் வாயத் தொறக்காததால வந்தது இது. பேசுடா."

"என்னத்தப் பேச?"

"உன் மானப் பத்தி."

போகோமிர் யோசித்தார். "வந்துச்சு. சுட்டேன். விழுந்துச்சு."

பிசையும் மரத்தொட்டியின் ஓரத்தில், உள்ளங்கை அளவு கறி சிவந்தது. நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள். இஸிடோர் அந்த இடத்திலிருந்து கொஞ்சம் கிள்ளிப் பொரித்து, வாயில் போட்டுக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துத் தொட்டியருகே வைத்தார். "உக்காரு."

அந்த மானைப் பற்றிச் சொல்ல அவரிடம் அதற்குமேல் அதிகம் இல்லை. அதனால் மற்ற மான்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியவர் பொழுது சாய்ந்துதான் நிறுத்தினார். முதல் வருடம் தோட்டாவைச் சமையலறை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனது. பன்னிரண்டு கிளைக் கொம்போடு ஒரு கலைமான் நடந்து போவதை வெறும் துப்பாக்கியோடு பார்த்துக்கொண்டிருந்தது. நேஷ்கா பிறந்த வருடம் மூன்று இரவு தூங்காமல் பரணில் ஏறிக் கண்ணயர்ந்தது. முழித்தபோது ஒரு கலைமான் ஏணியில் கொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது, ஏணி முறிந்து அவர் மதியம்வரை மேலேயே உட்கார்ந்திருந்தது. ஊற்றங்கரையில் ஒரு கலைமானை மறைத்துக்கொண்டு ஒரு பெண் மான் முக்கால் மணி நேரம் நின்றது. குறிபார்க்கும் நேரத்தில் இவர் தும்மியது. இவருக்குக் கால் மரத்துப்போனது. நொண்டிக்கொண்டு போன ஒன்றை இரண்டு தடவை எதிரிலேயே பார்த்தது. கரடி குறுக்கே வந்தபோது கரடியும் அவரும் மானும் மூன்று திசையில் ஓடியது. முதலில் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். பத்தாவது வருடத்துக்கு வரும்போது எழுந்து நின்றுவிட்டார். கையால் கொம்பு வரைந்தார். "சின்ன மானா?" என்று வென்செல் இடையில் பழைய பழக்கத்தில் கேட்டபோது, "சின்ன மானா? அது மூச்சு விட்டா பள்ளமே மூடிக்கும்டா!" என்று அதட்டினார். ஒவ்வொரு மானுக்கும் தொட்டியில் ஒரு பக்கம் சிவந்தது. வெளிறிய தொடைகள் தொங்கிய இடத்திலேயே இறுகின. இருபதாம் வருடத்துக்கு வந்தபோது கொஞ்சம் தயங்கினார்.

"அன்னிக்கு உன் துப்பாக்கி சிக்கிக்கிச்சுன்னு சொன்னியே," என்றார் லியுத்மிலா.

"சிக்கல. நாப்பது அடி. வெயில் பின்னால இருந்து விழுது. அது முழங்குன மூச்சு அப்படியே பொன்னா நிக்குது. வெரல் நகரல எனக்கு." சொல்லிவிட்டு மூவரையும் நேராகப் பார்த்தார். "வெக்கமா இருந்துச்சு, பொய் சொன்னேன். இப்ப வெக்கமா இல்ல."

யாரும் கிண்டல் செய்யவில்லை. வென்செல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூண்டு நெடி என்றான்.

மாலையில் தோலையும் எலும்பையும் சேர்த்து நிறுத்தபோது தராசு நானூறு காட்டியது, ஒரு கிராம்கூடக் கூடவோ குறையவோ இல்லை. ஊரார் சொன்ன பொய் இடத்தை மட்டும்தான் உண்டாக்கியது, அதில் அவர் தவறவிட்ட மான்கள் வந்து நிறைந்தன என்பது இஸிடோரின் கருத்து. கசாப்புக்காரர் என்ற முறையில் அதை அவர் இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. புதன்கிழமை குடல்களில் அடைத்தார்கள், வியாழனும் வெள்ளியும் பீச் மரப்புகையில் தொங்கவிட்டார்கள். குழம்புக்கு வெங்காயத்தைக் கறியின் எடைக்குச் சரியெடை போட்டு வதக்கினார்கள். அதை உரித்தது பாதித் தெரு.

கல்யாணத்தில் நூற்றெண்பது பேருக்குப் பதில் இருநூற்றுப்பத்துப் பேர் வந்தார்கள். எல்லோருக்கும் இருந்தது. சோளக்களியின்மேல் குழம்பு ஊற்றியதும் பேச்சு மாறியது: ஒரே பானையிலிருந்து எடுத்தும் ஒருவர் தட்டில் இருப்பது அடுத்தவர் தட்டில் இருப்பது போல ருசிக்கவில்லை. ஒன்றில் பனிமூட்டத்தின் ஈரம் இருந்தது, ஒன்றில் காட்டு ஆப்பிளின் புளிப்பு. போகோமிர் கறுப்புக் கோட்டோடு மேசை மேசையாக நடந்து, கேட்டவர்களின் தட்டிலிருந்து ஒரு துண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "இது ரெண்டாயிரத்து நாலு. வடக்குச் சரிவு," என்றும், "இது கிழடு, நல்லா மெல்லுங்க," என்றும் சொல்லிக்கொண்டே போனார். அவர் அவ்வளவு நிமிர்ந்து நடந்து ஸகோராவில் யாரும் பார்த்ததில்லை. நேஷ்கா மணமேடையிலிருந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில்வெஸ்டர் இரண்டு தட்டு சாப்பிட்டார். மூன்றாவது தட்டில் முதல் வாய் வைத்ததும் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு போகோமிரைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, அவருடைய மகன்கள்கூடக் கேட்டிராத குரலில் பேசினார்.

"சம்பந்தி, இது என்கிட்டருந்து போனது. பின்னங்கால்ல அடிச்சிட்டேன். நாய விட்டு ரெண்டு நாள் தேடுனேன். முகட்டத் தாண்டிப் போயிருச்சு. வீட்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல நான்."

"நொண்டிக்கிட்டேதான் வந்துச்சு," என்றார் போகோமிர். "மூணு வருஷம் எங்க பக்கம் இருந்துச்சு. ரெண்டு தடவ எதிர்லயே பாத்தேன், சுட மனசு வரல. புண்ணு ஆறிப்போச்சு சம்பந்தி. கூடவே பொட்ட மானுங்க சுத்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

சில்வெஸ்டர் தலையை ஆட்டினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தத் துண்டை மென்று விழுங்கினார். போகோமிர் பானையின் அடிவரை கரண்டியை விட்டுத் துழாவி, அதே மானின் இன்னொரு துண்டைத் தேடி எடுத்தார். சில்வெஸ்டர் தட்டை நீட்டினார்.