மேலே பதிந்த விரல்

மறையூரில் மோகனசுந்தரத்தின் கரும்பாலைக்குப் போய், குவிந்து கிடக்கும் வெல்ல உருண்டைகளில் எது யார் பிடித்தது என்று கேட்டால், அங்கே வேலை செய்கிற எந்தப் பெண்ணும் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவாள். பாகு ஆறுவதற்குள் அள்ளி உள்ளங்கையில் வைத்து அமுக்கும்போது விரல்கள் அப்படியே பதிந்துவிடும். மருதாத்தாளுக்குச் சுண்டுவிரல் மடங்காது. அவள் உருண்டையில் மூன்றே பள்ளம். யோகப்பிரியாவின் உருண்டை சிறிசாக, பயந்து பயந்து பிடித்தது போல இருக்கும்.

வேலைக்குச் சுணங்குகிறவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். பக்கத்தில் இருப்பவள் பிடித்து வைத்த உருண்டையைச் சூடு இருக்கும்போதே எடுத்து, தன் கையில் இன்னொரு தரம் அமுக்கி, தன் குவியலில் போட்டுக்கொள்வார்கள். பழைய விரல் அழிந்து புது விரல் விழுந்துவிடும். பிடிபட்டால் ஒரு வாரத்துக்குக் கிண்டல் ஓயாது. யோகப்பிரியா அதை ஒருநாளும் செய்ததில்லை.

ப்ளஸ் ஒன்னில் பாதியில் நின்றவள் அவள். எழுந்து வாசிக்கச் சொன்னபோது வகுப்பே பார்க்க வாயடைத்து நின்றாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் அரிசி டின்னுக்குப் பின்னால் மூன்று நோட்டுகளை ஒளித்து வைத்திருந்தாள். ஒன்றில் முழுக்கச் சொற்கள். அதில் ஒரு பக்கத்துக்கு மட்டும் பல தடவை திரும்பி வருவாள். படைத்தல் என்றால் அதற்கு முன்னால் அது எங்கும் இருந்திருக்கக் கூடாது. வனைதல் மண்ணுக்கு, யாத்தல் பாட்டுக்கு, ஆக்குதல் சோற்றுக்கு. புனைதல் என்பதற்கு நேராக, ‘இருப்பதை அழகாக்குவது, கொஞ்சம் பொய்யும் சேரலாம்’ என்று எழுதியிருந்தாள். கடைசியில் எடுத்தல் என்று எழுதி, ‘இந்தப் பக்கத்தில் சேராது’ என்று அடித்துவிட்டிருந்தாள்.

மருதாத்தாள் உருண்டை பிடிக்கும்போது முணுமுணுப்பாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பிறந்து, பேர் வைக்கும் முன்பே போய்விட்ட குழந்தையிடம் அவள் பேசுகிற பேச்சு அது. தினமும் ஒன்றிரண்டு வரி புதிதாக வரும். பாகு காயும் கொப்பரை கொதிக்கிற சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காது. பக்கத்தில் உட்காருகிற யோகப்பிரியாவுக்குக் கேட்கும்.

“கைக்குள்ள அடங்குன கட்டியே,
கை ஆறும் முன்னே ஆறிட்டியே.”

வாசகசாலையில் தமிழ்க் கவிதைப் போட்டி வைத்தார்கள். யோகப்பிரியா பன்னிரண்டு வரி எழுதிக் கொடுத்தாள். பத்து வரி மருதாத்தாளுடையது. கட்டியே என்று இருந்ததை நிலவே என்று மாற்றினாள். அதுதான் கவிதை போல இருந்தது. ‘இது என் சொந்தப் படைப்பு’ என்று அச்சடித்திருந்த இடத்தில் கையெழுத்துப் போடும் முன், நோட்டில் இருந்த அத்தனை சொல்லையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். புனைந்தது என்று சொல்லலாம், யாத்தது என்றும் சொல்லலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அடித்து வைத்திருந்த சொல் மட்டும் அந்த நேரத்தில் ஞாபகம் வராதது போல இருந்துவிட்டாள்.

ஒரு புதன்கிழமை டீ நேரத்தில் மோகனசுந்தரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். நம்ம ஆலைப் புள்ளைக்கு முதல் பரிசு, ஞாயிற்றுக்கிழமை மேடையில் கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, எல்லாரும் கேட்கக் கவிதையைச் சத்தமாகப் படித்தார். கூட உருண்டை பிடிக்கிற ஆனந்தி கை தட்டினாள். ஊமைன்னு நெனச்சோம், உள்ளுக்குள்ள இவ்வளவு வச்சிருக்கிறா பாரு என்று சிரித்தாள்.

மருதாத்தாள் டீயைக் கீழே வைத்தாள். யோகப்பிரியாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. கொப்பரைக்குள் குதித்துவிடலாம் போல இருந்தது. எல்லாரும் எழுந்து போன பிறகு மருதாத்தாள் கேட்டாள்.

“நிலா எங்கிருந்து அம்மிணி வந்துது? கொழந்த போனப்ப பகல் பதினோரு மணி.”

யோகப்பிரியா தரையைப் பார்த்தாள்.

“எவளோ புடிச்ச உருண்டைய எடுத்து மேல அமுக்குவாளுக பாரு, அந்த வேலை. வெரலு உன்னுது. சூடு என்னுது.”

அதோடு அவள் திட்டி முடித்துவிட்டாள். ஆனால் மறுநாள் முணுமுணுப்பு இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உருண்டை பிடித்தாள், பக்கத்தில் திருடி உட்கார்ந்திருக்கிறாள் என்பது போல. திருடிதானே என்று யோகப்பிரியா நினைத்தாள். ஒன்பது வருஷமாக நடந்த பேச்சு தன்னால் நின்றுபோனது என்று நினைக்கும்போதெல்லாம் பாகு கையைச் சுட்டது. சுடட்டும் என்று விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த செயலாளர் கோபிநாத்திடம் போய் நின்றாள். அவரும் நின்று பார்த்தார்.

“அது நான் படைச்சது இல்லீங்க.”

அவர் முதலில் சிரித்தார். கேட்டதையும் பார்த்ததையும் வைத்துத்தானே எல்லாரும் எழுதுகிறார்கள், வேண்டுமானால் தொகுத்தது என்று போட்டுவிடலாம், நோட்டீஸெல்லாம் அடித்தாகிவிட்டதே என்றார். நல்ல சொல்தான். அதைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறிவிடலாம்தான்.

“எடுத்ததுங்க,” என்றாள். “சொன்னவங்ககிட்டக் கேக்காம.”

நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோபிநாத் சுவரில் ஒட்டியிருந்த கவிதைத் தாளைக் கிழியாமல் பிய்த்துக் கையில் கொடுத்தார். வீடு வரைக்கும் அவள் தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாளை மருதாத்தாளின் முன்னால் வைத்தாள். மருதாத்தாளுக்கு வாசிக்கத் தெரியாது. படி என்றாள். யோகப்பிரியா படித்தாள். நிலவே என்ற இடத்தில் மருதாத்தாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“கட்டியே.”

“கட்டியே,” என்று திருத்திப் படித்தாள் யோகப்பிரியா. கடைசி இரண்டு வரி வந்தபோது, இது என்னுது இல்லையே என்றாள் மருதாத்தாள். ஆமாங்க்கா, அது மட்டும் நான் எழுதினது என்றாள் யோகப்பிரியா. அந்த இரண்டையும் கிழித்து அவளிடமே கொடுத்துவிட்டு, மீதியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள் மருதாத்தாள்.

கொப்பரை இறக்கினார்கள். யோகப்பிரியா எப்போதும் உட்காருகிற இடத்திலிருந்து நாலு முழம் தள்ளி உட்கார்ந்தாள், காதில் எதுவும் விழாத தூரத்துக்கு. மருதாத்தாள் அதைப் பார்த்தாள். பக்கத்தில் வா என்று கூப்பிடவில்லை.

சாயங்காலம் உருண்டைகளைச் சாக்கில் போடும்போது, மருதாத்தாளின் உதடு அசைவது போலத் தெரிந்தது. யோகப்பிரியா எழுந்து வெளியே போய்விட்டாள்.