ஒன்பதாம் பகுதி

"லாவி, நாப்பது நிமிஷமாச்சு. ஆம்புலன்ஸ் இன்னும் வரல. அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுதுடி," என்றாள் அம்மா.

கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே லாவினியா கணினியில் ஆம்புலன்ஸ் அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். நகரத்து ஆம்புலன்ஸ்களை அனுப்பும் மென்பொருளே அவள் குழு எழுதியதுதான். அப்பாவின் பெயர் அதிதீவிரச் சிவப்பில், நெஞ்சுவலி, நகரின் ஒன்பதாம் பகுதி என்ற குறிப்போடு, பதினேழாவதாகக் கிடந்தது. முதலிடத்தில், ஒன்றாம் பகுதியில் யாருக்கோ கணுக்கால் சுளுக்கு.

"மென்பொருள் சோதனையெல்லாம் பச்சைதானே காட்டுது? நீ எழுதினதுதானே மகராசி?" என்றான் பக்கத்து மேசை ஹோரியா, கோவ்ரிக் என்ற வளைய ரொட்டியைக் கடித்தபடி.

"வாயை மூடுடா."

புதிதாக ஒரு சோதனை எழுதினாள். ஒன்பதாம் பகுதியில் மாரடைப்பு, ஒன்றாம் பகுதியில் சுளுக்கு. ஓட்டிப் பார்த்தால் சுளுக்குதான் ஜெயித்தது.

ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எது சமம், எது முந்தி என்ற ஒப்பீட்டை ஒரு வரியில் கேட்டால் அதுவே எழுதிக்கொள்ளும். ஆனால் வரையறையில் மேலே இருக்கும் வரியைத்தான் முதலில் பார்க்கும். தீவிரம், நேரம், பகுதி என்று இருந்ததை, பார்க்க அழகாக இருக்கட்டுமென்று நேற்று அகரவரிசையில் அடுக்கியது யார்? சாட்சாத் லாவினியாதான். அவை ருமேனியச் சொற்கள்; அந்த எழுத்து வரிசையில் பகுதி முதலில் வந்துவிட்டது. சமமா என்று பார்க்கும் சோதனைகளுக்கு வரிசை மாறினாலும் ஒன்றுதான். முந்தி எது என்று பார்ப்பவற்றிலோ எல்லா நோயாளிகளும் ஒன்றாம் பகுதிக்காரர்கள்; அதனால் பிழை தெரியவேயில்லை. ஒருவரை எழுதி மற்றவர்களை நகலெடுத்திருந்தாள், சோம்பேறி!

வரிகளைப் பழையபடி மாற்றினாள். சோதனை தேறியது. ஹோரியா ரொட்டியை வைத்துவிட்டு, அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் தந்தான். புதிய பதிப்பு ஏறியதும் பட்டியல் தன்னைத் திருப்பி அடுக்கிக்கொண்டது.

அப்பா இரண்டாவது. அவருக்கு மேலே, அதே ஒன்பதாம் பகுதியில், மாக்தா என்ற பெண். மூச்சுத் திணறல், அதே சிவப்பு. அப்பாவுக்குப் பத்து நிமிடம் முன்பே அழைத்தவள்.

மேசைத் தொலைபேசியில் வண்டி அனுப்பும் துதோரைப் பிடித்து அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

"அந்தப் பக்கம் ஒரே வண்டிதாம்மா இருக்கு. அடுத்தது போக அரைமணி ஆகும்," என்றார் துதோர். "நீ சொல்லு. உங்க அப்பாவுக்கா, அந்தப் பொண்ணுக்கா?"

லாவினியா பட்டியலைப் பார்த்தாள். அந்த மாக்தா ஐம்பது நிமிடத்துக்கும் மேலாகக் காத்திருப்பதும் தன்னால்தானே.

"பட்டியல்படி அனுப்புங்க."

கைபேசியில் அம்மா இன்னும் இருந்தாள். "என்னடி சொல்றாங்க? கிளம்பிட்டாங்களா?"

"இன்னும் அரைமணி ஆகும்மா," என்றாள் லாவினியா. இந்தத் தாமதம் யாரால் என்று மட்டும் சொல்லவில்லை.