அக்கா வீட்டு சுவிட்ச்

"வீடு சூப்பரா கீது மேடம். அந்த அக்கா கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்றார் புரோக்கர். 'மட்டும்தான்' என்று யார் சொன்னாலும் நான் உஷாராகிவிடுவேன். என் கணவர் ரகுபதியைப் பற்றியும் கல்யாணத்துக்கு முன் இப்படித்தான் சொன்னார்கள், கொஞ்சம் வாய் மட்டும்தான் அதிகம் என்று.

சாந்தோமில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே, ஒரு பழைய பங்களாவை நாலாகத் தடுத்து ஃபிளாட் ஆக்கியிருந்தார்கள். மாடியில் இடது பக்கம் விலைக்கு வந்திருந்தது. தரை வெடித்திருந்தது. சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பு கையோடு வந்தது. பாத்ரூம் குழாய் இருமிவிட்டுத்தான் தண்ணீர் விட்டது. ஐம்பது வருஷமாக யாரும் ரிப்பேர் என்று எதையும் தொடவில்லை, அதனால்தான் அந்த விலை. சைதாப்பேட்டை வீட்டுக்காரர் எங்களை ஜூனுக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார். எங்கள் கையிருப்புக்கு இதை விட்டால் வேறு வீடு கிடையாது. எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

விற்கிறவர் ஜொவிட்டா, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். முட்டி வலியால் படி ஏற முடியாமல் கே.கே. நகரில் இருக்கும் மகனோடு போகப் போகிறார். பேச்சுவாக்கில் ஏதோ சொல்லிச் சத்தமாகச் சிரித்தார். ஹால் விளக்கு அணைந்தது.

"கரண்ட் பிரச்சினையா ஆன்ட்டி?"

"அக்கா பிரச்சினை."

இருட்டிலேயே எழுந்து போய்ச் சுவரில் ஒரு சுவிட்சைத் தட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் விளக்கு வந்தது. இவரும் அந்த சுவிட்சைத் திரும்பப் போட்டார்.

விஷயம் இதுதான். அந்தப் பக்கம் இருப்பது அவருடைய அக்கா ஆலிஸ். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் சாய்வு நாற்காலி யாருக்கு என்று சண்டை வந்து, நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். கொத்தனாரைக் கூப்பிட்டார்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவில்லை. தங்கையின் ஹால் விளக்குக்கு சுவிட்ச் அக்கா வீட்டில், அக்காவின் சமையலறை விளக்குக்கு சுவிட்ச் தங்கை வீட்டில். தினமும் ஆறு மணிக்கு இவர் விளக்கை அவர் போடுவார், அவர் விளக்கை இவர். கோபம் வந்தால் அணைப்பார்கள். பேச்சு மட்டும் கிடையாது. நாற்காலி பால்கனியில் மழையில் நனைந்து மக்கிக்கொண்டிருந்தது.

பத்திரம் இருவர் பெயரிலும் இருந்தது. ஏற்கெனவே வாங்க வந்த இரண்டு பேரை ஆலிஸ் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் ரகுபதியும் நானும் புரோக்கரோடு போய் ஆலிஸ் வீட்டு பெல்லை மூன்று தடவை அடித்தோம். கதவு திறக்கவில்லை.

"பெல்லுக்கெல்லாம் அவ வர மாட்டா" என்று தன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்த ஜொவிட்டா, கண்ணாலேயே சுவிட்சைக் காட்டினார். நான் உள்ளே போய் டக் டக்கென்று நாலு தடவை அணைத்துப் போட்டேன். திரும்பி வருவதற்குள் ஆலிஸ் கையில் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"யார் தட்டினது? ஜொவிட்டா கை இவ்ளோ வேகம் கிடையாது."

"நான்தான் ஆன்ட்டி. வீடு வாங்க வந்திருக்கேன். கயல்."

மேலும் கீழும் பார்த்தார். "வாங்கி என்னா பண்ணப் போற?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரகுபதி முந்திக்கொண்டார். "முதல் வேலையா வயரிங்கை மாத்திடுவோம் ஆன்ட்டி. உங்களுக்கு இனிமே தொல்லையே இருக்காது."

ஆலிஸின் முகம் சுண்டிவிட்டது. கதவை மூடத் தொடங்கினார். முன்னால் வாங்க வந்த அந்த இரண்டு பேரும் என்ன சொல்லிக் கெட்டார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரகுபதியின் காலை நன்றாக மிதித்தேன்.

"அவர் கெடக்குறாரு ஆன்ட்டி. எங்க கிட்ட காசே இல்ல. ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கழட்ட மாட்டோம்."

கதவு நின்றது. "எழுதிக் குடுப்பியா?"

கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதை இரண்டு முறை படித்துவிட்டு, புரோக்கர் கொண்டு வந்திருந்த தாள்களில் கையெழுத்துப் போட்டார். எட்டிப் பார்த்த தங்கையை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை மூக்கை உறிஞ்சினார்.

மே கடைசியில் குடிவந்தோம். முதல் நாள் சரியாக ஆறு மணிக்கு ஹால் விளக்கு எரிந்தது. நானும் மரியாதையாக அவர் விளக்கைப் போட்டேன். ரகுபதி டி.வி. சத்தத்தைக் கூட்டியதும் எங்கள் விளக்கு அணைந்தது. அதே நேரம் என் போன் அடித்தது. ஜொவிட்டா.

"விளக்கு போட்டாளா?"

"போட்டாங்க ஆன்ட்டி. இப்பதான் அணைச்சாங்க."

மறுபக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அப்ப நல்லாத்தான் இருக்கா."

போனும் கையுமாகப் போய் ஆலிஸின் விளக்கை அணைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் வம்சத்தையே இழுத்துத் திட்டு ஆரம்பமானது. போனை அப்படியே சுவரோடு ஒட்டி வைத்தேன்.

திட்டு ஓய்ந்ததும் போனைக் காதில் வைத்தேன். ஜொவிட்டா அங்கேதான் இருந்தார்.

"இன்னொரு வாட்டி அணைம்மா" என்றார்.